அலிகார்: விடுதியில் விளைந்த கல்லூரி

நமது கல்விக் கூட்டங்களிலும் நினைவுப் பேருரைகளிலும் அலிகாரின் பெயர் அடிக்கடி அடிபடும். "இலங்கை முஸ்லிம்களுக்கும் ஓர் அலிகார் வேண்டும்" என்று பேசிய பெரியார்களை என் இளமைக் காலத்தில் நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அலிகார் என்றதும் நம்மவர் மனதில் எழுவது ஆங்கிலக் கல்வி, ஸேர் ஸெய்யித் அஹ்மத் கானின் தாடி, உலமாக்களுடன் அவர் நடத்திய வாதப் பிரதிவாதங்கள் ஆகியவைதாம். 1875இல் அங்கு உண்மையாகவே புதிதாகத் தொடங்கப்பட்டது எது என்று கேட்டால் பலரும் பாடத்திட்டத்தையே சுட்டுவர். என் கருத்து வேறு. ஆங்கிலமும் கணிதமும் கற்பித்த அரசாங்கக் கல்லூரிகள் ஆக்ராவிலும் டில்லியிலும் பெனாரஸிலும் அதற்கு முன்பே இருந்தன. இல்லாதிருந்தது, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, தொழுது, விளையாடிப் படிக்கக்கூடிய ஓர் இடம். அலிகாரின் உயிர் அதன் வகுப்பறையில் அல்ல, விடுதியில் இருந்தது. அந்த விடுதியின் கதையைத்தான் இங்கு சொல்ல விரும்புகிறேன்.

ஸெய்யித் அஹ்மத் 1817 ஒக்டோபர் 17ஆம் திகதி டில்லியில் பிறந்தவர். முகலாய அரசவையோடு தொடர்புடைய குடும்பம். ஆங்கிலக் கம்பனியில் நீதித்துறை உத்தியோகத்தராகச் சேர்ந்து, 1857 கிளர்ச்சியின்போது பிஜ்னோரில் கடமையிலிருந்தார். டில்லி வீழ்ந்ததன் பின் தன் சொந்த நகரம் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர். அவருடைய பிற்கால வேலைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த ஆண்டின் நிழல் விழுந்திருப்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

1869இல் தன் புதல்வர்களான ஸெய்யித் ஹாமித், ஸெய்யித் மஹ்மூத் ஆகியோருடன் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணச் செலவுக்கு வீட்டை ஈடு வைத்தார், புத்தகங்களை விற்றார். வில்லியம் மூர் எழுதிய நபி வரலாற்றுக்கு மறுப்பெழுத லண்டன் நூலகங்களில் ஆதாரம் தேடுவது ஒரு நோக்கம். அதற்கான நூல் 1870இல் லண்டனிலேயே வெளிவந்தது. மற்றொன்று, அங்கு பிள்ளைகளுக்கு எப்படிக் கல்வியூட்டுகிறார்கள் என்று பார்ப்பது. ஸெய்யித் மஹ்மூத் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்து படித்தார். கேம்பிரிட்ஜைப் பார்த்த தந்தையைக் கவர்ந்தவை விரிவுரைகளைவிட அங்குள்ள முற்றங்கள், உணவு மண்டபங்கள், ஆலயம், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளவுக்குள் வாழும் ஏற்பாடு ஆகியனவே. நமது மத்ரஸாக்களிலும் மாணவர் தங்கிப் படிப்பது வழக்கம்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். எனினும் அங்கு பெரும்பாலும் ஊராரின் உணவில் வாழ்ந்த மாணவன் ஓர் உஸ்தாதைத் தேடி வந்தவன். அவர் போனால் அவனும் போவான். கேம்பிரிட்ஜில் ஸெய்யித் கண்டது, ஆசிரியர் மாறினாலும் மாணவர் மாறினாலும் தான் மாறாத ஒரு வளவை.

1870இன் கடைசியில் ஊர் திரும்பி 'தஹ்தீபுல் அக்லாக்' சஞ்சிகையைத் தொடங்கினார். கல்லூரிக்கு நிதி திரட்டும் குழு 1872இல் அமைந்தது. அடுத்த ஆண்டு ஸெய்யித் மஹ்மூத் அக்குழுவுக்கு ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தார். தங்கிப் படிக்கும் கல்லூரி என்பதே அதன் நடுநாயகமான அம்சம். பிள்ளை வீட்டிலேயே இருந்தால் வேலைக்காரரும் உறவினரும் அவனைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவர், ஆகவே அவனை அச்சூழலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பது தந்தைக்கும் மகனுக்கும் பொதுவான எண்ணம். இதில் ஒரு கடுமை இருப்பதை மறுப்பதற்கில்லை. வட இந்திய ஷரீப் குடும்பங்களின் பெண்கள் வளர்த்த பிள்ளைகளைப் பெண்களிடமிருந்தே விலக்கி எடுக்கும் திட்டம் அது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இடம் அலிகாராக அமைந்ததற்குக் காரணங்கள் இருந்தன. 1864இல் அங்கு மாற்றலாகிச் சென்றபோதே தன் விஞ்ஞானச் சங்கத்தை அவர் அந்நகருக்குக் கொண்டு வந்திருந்தார். டில்லிக்குக் கிட்டியது, புகையிரதப் பாதையில் உள்ளது, சுகமான காலநிலை, சுற்றுவட்டாரத்தில் வசதியுள்ள முஸ்லிம் நிலச் சொந்தக்காரர்கள். பட்டாளம் கைவிட்டுப் போயிருந்த பழைய அணிவகுப்பு மைதானம், ஏறத்தாழ 74 ஏக்கர், லெப்டினன்ட் கவர்னர் ஸேர் ஜோன் ஸ்ட்ரேச்சியின் காலத்தில் கிடைத்தது. கல்லூரியின் பெரிய மண்டபத்துக்கு அவருடைய பெயர் இடப்பட்டது அதனாலேயே. எதிர்ப்புக்கும் குறைவில்லை. கல்லூரிக்கு உதவுவது மார்க்கத்துக்கு விரோதம் என்ற பத்வாக்கள் உள்ளூரில் மட்டுமல்ல, மக்காவிலும் மதீனாவிலும் இருந்துகூடப் பெற்றுவரப்பட்டன.

1875 மே 24ஆம் திகதி திறப்பு விழா நடந்தது. விக்டோரியா மகாராணியின் பிறந்த நாளை ஸெய்யித் தற்செயலாகத் தெரிவு செய்யவில்லை என்பதை நாம் கசப்போடேனும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் வகுப்புகள் ஆரம்பமாயின. அவரோ இன்னும் பெனாரஸில் நீதிபதி. பாடசாலையை அருகிலிருந்து நடத்தியவர் மௌலவி ஸமீஉல்லாஹ் கான். வரலாறு இவருக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 1876இல் ஓய்வு பெற்று ஸெய்யித் அலிகாருக்கு வந்து குடியேறினார். 1877 ஜனவரி 8இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1878இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. சிறுவர் பாடசாலையும் கல்லூரியும் ஒரே வளவில் ஒரே நிர்வாகத்தின் கீழ் நெடுங்காலம் இயங்கின. 'முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி' என்ற நீண்ட பெயரை எம்.ஏ.ஓ. கல்லூரி என்று சுருக்கி அழைத்தனர்.

பணம் எங்கிருந்து வந்தது? இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஸெய்யித் அலிகார்க் கண்காட்சியில் கடை போட்டுப் புத்தகம் விற்றார். கல்லூரிக்காக அதிர்ஷ்டலாபச் சீட்டு நடத்தினார். மார்க்க அறிஞர்கள் சினந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. முதுமைக் காலத்தில் மேடையேறிக்கூடப் பணம் சேர்த்தார். கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்தார். இன்றும் அந்த வளவின் சுற்று மதிலிலும் அறைகளின் முகப்பிலும் மண்டபச் சுவர்களிலும் அப்பெயர்களை வாசிக்கலாம். நவாபுமாரும் ராஜாக்களும் இருக்கிறார்கள், சாதாரண உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். முஸ்லிம் பெயர்களுக்கு நடுவே இந்துப் பெயர்களும் உள. கல்லெழுத்தில் இந்த மனிதருக்கு ஒரு பழைய பற்று இருந்தது. 1847இல் வெளிவந்த 'ஆஸாருஸ் ஸனாதீத்' என்னும் நூலுக்காக டில்லியின் கட்டடங்களை ஆராய்ந்தபோது, குதுப் மினாரின் உயரத்திலுள்ள எழுத்துகளைப் பிரதி பண்ணக் கூடையொன்றில் அமர்ந்து கயிற்றில் தொங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஹாலி கூறுகிறார். மன்னர்கள் பொறித்த கல்லை வாசித்தவர், முப்பது வருடங்களின் பின் சந்தா கொடுத்தவர்களுக்குக் கல் பொறித்தார்.

அந்தக் கற்களுக்கு நம் காலத்தில் எதிர்பாராத முக்கியத்துவம் வந்து சேர்ந்திருக்கிறது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்லூரி பல்கலைக்கழகமானது. 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகத்தை நிறுவியது சட்டமே அன்றி முஸ்லிம் சமுதாயமல்ல, ஆதலால் அது சிறுபான்மை நிறுவனமாகாது என்று தீர்ப்பளித்தது. 2024 நவம்பர் 8ஆம் திகதி ஏழு நீதியரசர் கொண்ட அமர்வு நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பின் அடிப்படையை நீக்கியது. ஒரு நிறுவனத்தை நிறுவியவர் யார் என்பதைச் சட்டத்தின் எழுத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, அதன் எண்ணம் யாருடைய மூளையில் உதித்தது, பணம் யார் கொடுத்தார், நிலம் எப்படி வந்தது என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. அலிகாரின் விடயத்தை அவ்வாறு பார்த்து முடிவு செய்யும் பொறுப்பை வேறொரு அமர்வுக்கு விட்டது. ஸெய்யிதின் மதிலில் உள்ள பெயர்கள் அந்தக் கேள்விக்கு நேரடியான சாட்சியங்களாக அமைந்துவிட்டன.

இனி விடுதிக்குள் நுழைவோம். செங்கல்லால் கட்டிய அறை வரிசைகள் ஒரு பெரும் முற்றத்தைச் சுற்றி அமைந்தன. அவற்றைப் 'பக்கி பாரக்' என்றனர். பாரக் என்பது பட்டாளத்தாரின் இருப்பிடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் உருதுத் திரிபு. பணம் போதாமையால் மண்ணாலும் ஓட்டாலும் எழுப்பிய மலிவான வரிசை 'கச்சி பாரக்' ஆயிற்று. ஆரம்ப காலத்தில் கட்டணத்தைப் பொறுத்து மாணவரின் அறையும் சாப்பாடும் வேறுபட்டன. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் தம் சொந்த வேலைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே கூரை என்று மேலே சொன்னேன். அந்தக் கூரைக்குக் கீழே ஏழை, பணக்காரன் என்ற கோடு அழிந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கோட்டை மங்கச் செய்த ஒன்று உடை. கறுப்பு நிற மேலங்கி, வெள்ளைக் காற்சட்டை, சிவப்புத் துருக்கித் தொப்பி. பின்னாளில் கறுப்பு ஷேர்வானியே அலிகாரின் அடையாளமாகிவிட்டது. துருக்கித் தொப்பி அக்காலத்தில் அரசியல் அர்த்தமும் கொண்டிருந்தது. இந்தியாவில் வேரூன்றிய எந்த ஒரு பிரதேசத்துக்கும் சாதிக்கும் சொந்தமில்லாத அத்தொப்பியை அணிந்ததும் பஞ்சாபியும் பீகாரியும் ஹைதராபாத்காரனும் ஒரே தோற்றத்தைப் பெற்றனர். இலங்கையிலும் அக்காலத்தில் அத்தொப்பி வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்ற உரிமை கோரியபோது நம் முன்னோர் கொழும்பு மருதானையில் திரண்டதை நினைவூட்ட வேண்டியதில்லை.

ஐவேளைத் தொழுகை விடுதியின் ஒழுங்கில் அடங்கியது. ஸுன்னி மாணவருக்கும் ஷீஆ மாணவருக்கும் மார்க்கப் பாடம் தனித்தனி. பள்ளிவாசல் மட்டும் ஒன்று. அதே பள்ளிவாசலில் இரு சாராரும் தத்தம் முறைப்படி ஜமாஅத் நடத்தினர். அந்தக் காலத்து லக்னோவின் நிலைமையை அறிந்தவர்களுக்கு இது எத்தகைய துணிவு என்பது புரியும். ஸெய்யிதின் சொந்த மார்க்கக் கருத்துகள் பெரும் சர்ச்சைக்கு உரியன. ஆயினும் அவற்றை அவர் தன் கல்லூரியில் திணிக்கவில்லை. மார்க்கக் கல்விக் குழுவில் தான் அங்கம் வகிக்காது ஒதுங்கிக்கொண்டார். தான் எழுதிய தப்ஸீரைத் தன் மாணவருக்கே கற்பிக்காத ஒருவர்! இந்தத் தன்னடக்கம் நம்மிடையே பாடசாலை நிறுவிய எத்தனை பேருக்கு இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்து மாணவரும் ஆரம்பத்திலிருந்தே படித்தார்கள். கல்லூரியின் முதற் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் என்பவர். கிரிக்கெட் கழகத்தை 1878இல் தொடக்கி வைத்தவர் கணித ஆசிரியர் பண்டித ராம சங்கர் மிஸ்ரா. பின்னாளில் 1915 டிசம்பரில் காபூலில் இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்த ராஜா மஹேந்திர பிரதாப்பும் இங்கு படித்தவரே.

கிரிக்கெட் விரைவிலேயே அலிகாரில் படிப்புக்கு ஈடான மரியாதையைப் பெற்றது. நல்ல மட்டையாளனுக்கு விடுதியில் கிடைத்த செல்வாக்கு முதல் வகுப்பில் தேறியவனுக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் கிலாபத் இயக்கத்தில் பேருருவமாய் விளங்கிய ஷௌகத் அலி தன் மாணவப் பருவத்தில் கிரிக்கெட் அணித் தலைவர். அவருடைய தம்பி முஹம்மத் அலி பேச்சில் வல்லவர். அவர் போன்றோர் நாவைத் தீட்டிய இடம் 1884இல் அமைந்த விவாத சபை. முதல் அதிபர் ஸிடன்ஸின் பெயரால் ஸிடன்ஸ் யூனியன் என்றழைக்கப்பட்டது. அதன் மாதிரி கேம்பிரிட்ஜ் யூனியன். கொண்டுவந்தவர் தியோடர் பெக். கேம்பிரிட்ஜ் யூனியனில் தலைவராக இருந்துவிட்டு 24 வயதில் அலிகாரின் அதிபராக வந்து சேர்ந்த இந்த இளைஞர், 1899இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். மாணவரோடு விளையாடினார், உண்டார், விவாதித்தார். அதே பெக் முஸ்லிம்களைக் காங்கிரஸிலிருந்து விலக்கி வைப்பதில் ஸெய்யிதுக்குப் பக்கபலமாக நின்றவர் என்பதும் வரலாறு. அவருடைய சிநேகம் உண்மையானது, அவருடைய அரசியலும் உண்மையானது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க முடியாது.

ஆசிரியர்களுள் தோமஸ் ஆர்னல்ட் தனித்துச் சொல்லப்பட வேண்டியவர். 1888 தொடக்கம் 1898 வரை அங்கு மெய்யியல் கற்பித்தார். முஸ்லிம்களின் உடையை அணிந்து நடமாடினார். 'இஸ்லாமியப் பிரசாரம்' பற்றி 1896இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற நூல் அலிகாரில் இருந்த காலத்து உழைப்பு. அறபும் பாரசீகமும் கற்பித்த ஷிப்லி நுஃமானியும் அவரும் நண்பர்கள். 1892இல் ஷிப்லி துருக்கிக்கும் எகிப்துக்கும் புறப்பட்டபோது கப்பலில் ஆர்னல்டும் உடன் சென்றார். ஆர்னல்டிடம் ஷிப்லி பிரெஞ்சும், ஷிப்லியிடம் ஆர்னல்ட் அறபும் கற்றனர். ஒரு விடுதி வளவில் அல்லாது வேறெங்கு இப்படியான கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கும்? ஆர்னல்ட் அங்கிருந்து லாகூர் சென்று இக்பாலின் ஆசிரியரானார். ஷிப்லியோ கல்லூரியின் மீது கொண்ட ஏமாற்றத்தோடு 1898இல் விலகி நத்வாவின் பக்கம் திரும்பினார். உத்தியோகத்துக்கு ஆள் தயாரிக்கும் இடமாக அலிகார் ஆகிவிடுகிறது என்ற அவருடைய குறையில் நியாயம் இருந்தது.

மாணவரே உருவாக்கிய மரபுகளுள் உயர்ந்தது 'அஞ்ஜுமனுல் பர்ள்', ஆங்கிலத்தில் டியூட்டி சொஸைட்டி. 1890இல் ஸாஹிப்ஸாதா அப்தாப் அஹ்மத் கானும் தோழர்களும் தொடங்கினர். வறிய மாணவரைப் படிக்க வைக்கப் பணம் சேர்ப்பதே கடமை. விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் சந்தாப் புத்தகத்தைக் கையில் எடுத்துச் சென்றனர். கொப்பியும் பேனையும் விற்கக் கடையொன்று நடத்தினர். நவாபு வீட்டுப் பிள்ளை, தன் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் ஏழை மாணவனுக்காக அயலூரில் கையேந்தி நின்றான். கச்சி பாரக்கும் பக்கி பாரக்கும் இணைந்த இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. 1945இல் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவியபோது எதிர்கொண்டதும் இதே பிரச்சினையைத்தான்.

மற்ற மரபுகள் சிறியவை, ஆனால் விடுதி வாழ்ந்தவர்கள் மறக்காதவை. புதிதாக வந்த மாணவன் மூத்தவர்கள் முன் நின்று தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். கேள்விகள் குறும்பானவை, சில வேளைகளில் கொடுமையானவையும்கூட. வழியில் மூத்தவரைக் கண்டால் ஷேர்வானியின் பொத்தான்கள் பூட்டியிருக்க ஸலாம் சொல்ல வேண்டும். அதற்கு ஈடாக, தேநீர்க் கடையில் சேர்ந்து அமர்ந்தால் பணம் கொடுப்பது எப்போதும் மூத்தவரின் பொறுப்பு. இளையவன் பையில் கைவைத்தால் அது மரியாதைக் குறைவு. பட்டப் பெயர் இல்லாமல் எவரும் தப்ப முடியாது. கவிஞர் ஹஸ்றத் மோஹானி தன் கிராமத்திலிருந்து வெற்றிலைப் பெட்டியும் கையுமாக வந்திறங்கியதைக் கண்டு, மாணவர்கள் அவருக்குச் சூட்டிய பெயர் 'காலா அம்மா', நம் வழக்கில் சாச்சி. அந்தச் 'சாச்சி' 1903இல் பட்டம் பெற்று, அலிகாரிலிருந்தே 'உர்தூ ஏ முஅல்லா' சஞ்சிகையை நடத்தி, எகிப்தில் ஆங்கிலேயர் செய்வதைக் கண்டித்த கட்டுரையொன்றை வெளியிட்டதற்காக 1908இல் சிறை சென்றார். எழுதியவரின் பெயரைக் கடைசிவரை வெளியிடாது பொறுப்பைத் தானே ஏற்றார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1889இல் தர்மகர்த்தாச் சட்டத்தின் மூலம் தன் மகனையே தனக்குப் பின் செயலாளராக்க ஸெய்யித் முயன்றபோது ஸமீஉல்லாஹ் கான் பிரிந்து போனார். பாடசாலையைத் தொட்டிலில் ஆட்டியவர் வெளியேற, மகனின் பெயர் உள்ளே வந்தது. 1895இல் தலைமை எழுதுவினைஞர் ஷியாம் பிஹாரி லால் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல் கையாடியது வெளிப்பட்டது. ஒவ்வொரு ரூபாவையும் இரந்து சேர்த்த கிழவருக்கு அது இடி. மூன்றாண்டுகளில், 1898 மார்ச் 27இல் மறைந்தார். விடுதியின் பள்ளிவாசல் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்தது பெண்கள். ஆண்கள் படித்தால் பெண்களுக்குக் கல்வி தானாக வந்து சேரும் என்பது ஸெய்யிதின் நிலைப்பாடு. அது வரவில்லை. அவருடைய கல்லூரியில் படித்த ஷெய்க் அப்துல்லாஹ்வும் அவருடைய மனைவி வஹீத் ஜஹான் பேகமும் ஊரார் ஏச்சையும் பேச்சையும் தாங்கி 1906இல் அலிகாரில் பெண்கள் பாடசாலையைத் திறந்தனர். 1914இல் அதற்கு விடுதியும் அமைந்தது. வஹீத் ஜஹான் பேகம் அங்கேயே குடியேறி அந்தப் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். ஆண்களின் விடுதி வீட்டுப் பெண்களிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்தது என்று முன்னர் சொன்னேன். பெண்களின் விடுதியோ ஒரு வீடு போலவே தொடங்கியது. முஸ்லிம் கல்வி வரலாறு எழுதுவோர் முதலாவதற்கு ஐம்பது பக்கமும் இரண்டாவதற்கு ஐந்து வரியும் ஒதுக்குவது எனக்கு உடன்பாடல்ல. இந்தக் கட்டுரையும் அந்தக் கணக்கை முழுதாக நேர் செய்துவிடவில்லைதான்.

விசுவாசமான பிரஜைகளை உருவாக்க அமைத்த விடுதி என்ன விளைத்தது? 1907இல் அலிகார்க் கண்காட்சியில் ஒரு மாணவனுக்கும் பொலிஸ்காரர் ஒருவருக்கும் ஏற்பட்ட கைகலப்பில் அதிபர் ஆர்ச்போல்ட் மாணவனைத் தண்டிக்கப் போய், விடுதி முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கல்லூரியைச் சிறிது காலம் மூட நேர்ந்தது. ஒன்றாக உண்டு வளர்ந்தவர்கள் ஒன்றாக எழுந்தும் நிற்பார்கள் என்பதை நிர்வாகிகள் எதிர்பார்க்கவில்லை. 1920 ஒக்டோபரில் காந்தியும் அலி சகோதரர்களும் வந்து, அரசாங்கப் பணம் பெறும் கல்லூரியை விட்டு வெளியேறுமாறு மாணவரை அழைத்தனர். ஒரு பகுதியினர் வெளியேறினர். அவர்களுள் ஸாகிர் ஹுஸைன் ஒருவர், பின்னாளில் இந்தியாவின் ஜனாதிபதி. அக்டோபர் 29இல் அதே அலிகாரில், அதே கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா பிறந்தது. அது டில்லிக்குப் போனது 1925இல். வெளியேறியவர்கள் தங்கள் அறைகளை மட்டுமே விட்டுச் சென்றனர். ஷேர்வானியையும் யூனியனையும் கையேந்தும் கடமையையும் தம்முடனேயே எடுத்துப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் எம்.ஏ.ஓ. கல்லூரி அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமாயிற்று. சிறுவர் பாடசாலை அதன் கீழ் தொடர்ந்தது. மின்டோ சர்க்கிள் என்று பழைய மாணவர் இன்றும் வாஞ்சையோடு சொல்லும் பாடசாலை அதுவே.

அலிகார் விடுதியின் காற்று நம் கரைக்கும் வந்தது. கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத் அங்கு கல்வி பயின்றவர். 1942இல் கம்பளை ஸாஹிறாவின் முதல் அதிபராகி, பின்பு இரு தடவை இந்நாட்டின் கல்வி அமைச்சரானார். அலிகாருக்குப் பதினேழு ஆண்டுகளின் பின், 1892இல், சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார், ஒறாபி பாஷா முதலானோரின் முயற்சியால் மருதானைப் பள்ளிவாசல் வளவில் தொடங்கிய பாடசாலைதான் ஸாஹிறா. 1921 முதல் 1948 வரை ரி.பி. ஜாயாவும், தொடர்ந்து 1961 வரை அஸீஸும் அதனை நடத்தினர். அஸீஸ் காலத்தில் கரவெட்டியிலிருந்து வந்து அங்கு படித்துப் பின் அங்கேயே கற்பித்தவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. கிழக்கின் வயற்காரர் மகனும் கொழும்பு வியாபாரியின் மகனும் ஒருவரது தமிழை மற்றவர் கேட்டுச் சிரித்துப் பின் பழகிக்கொண்டது நமது கல்லூரி விடுதிகளில்தான். ஊருக்கு ஒரு மகா வித்தியாலயம் வந்த பின் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க முடிந்தது. அது பெரிய பேறு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. அத்தோடு விடுதிக் கட்டில்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின.

அலிகாரின் விடுதி வாழ்வு நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அங்கு வாழ்ந்தவர்கள் எழுதி வைத்ததுதான். விடுதிச் சிறுவரை நெடுங்காலம் மேய்த்த மீர் விலாயத் ஹுஸைன் என்னும் ஆசிரியர் தன் சுயசரிதையை எழுதினார். ஹாலி எழுதினார். பழைய மாணவர்கள் பட்டப் பெயர்களைக்கூட விட்டுவிடாமல் எழுதினார்கள். நமது விடுதிகளில் எந்த அறையில் எந்தக் கவிஞர் இருந்தார், எவர் எவருக்கு என்ன பட்டப் பெயர், நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்பியவர் யார், சாப்பாட்டுக் கணக்குக் கொப்பி யார் கையில் இருந்தது? இவற்றை அறிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இச்சஞ்சிகையின் வாசகர்களிலும் அத்தகையோர் சிலர் இருப்பர். அவர்கள் எழுதி அனுப்பினால் அடுத்த இதழ்களில் அவற்றைப் பிரசுரிக்குமாறு ஆசிரியரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.